மாமா வெளுத்த கதை

எங்கள் காலனியில் ஓர் ஆள் திடீரென்று வெளுத்தால் அதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். பெங்களூரில் ஏ.சி. கட்டடத்துக்குள் வேலை கிடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பில் ரத்தம் செத்திருக்க வேண்டும். என் தாய்மாமன் வெளுக்கத் தொடங்கியபோது இரண்டுமே பொருந்தவில்லை. அவர் திருவண்ணாமலையை விட்டு வேலைக்கென்று வெளியே போய்ப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ரத்தம் செத்துப்போகவுமில்லை. எக்கச்சக்கமாக ஊறிக்கொண்டிருந்ததுதான் அவருடைய வியாதியே.

இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "என் பேரு போடாத. மத்ததெல்லாம் போடு. சூளைக்காரன் பேரும் வேணாம், நாளைக்கு நம்ம ஆளுங்க எவனாவது அங்கதான போவணும்" என்றார். எனவே பெயர்கள் இல்லை.

2020 முழுக்க அவருக்கு இடது விலாவுக்குக் கீழே ஒரு கனம் இருந்தது. "கல்லு வெச்ச மாதிரி கீதுடா" என்பார். நாலு வாய் சாப்பிட்டால் வயிறு நிறைந்துவிடும். இரவில் பாய் நனைகிற அளவுக்கு வியர்வை. கொரோனா காலம் வேறு. டவுனில் ஒரு கிளினிக்கில் மாதக்கணக்கில் அல்சர் மாத்திரை கொடுத்தார்கள். போகும்போதெல்லாம் "குடிப்பியா?" என்ற கேள்வி. மாமா குடிக்கிறவர் இல்லை. அதை ஒருமுறையும் அங்கே யாரும் நம்பவில்லை. காலனி முகவரியைச் சொன்ன பிறகு "குடிக்க மாட்டேன்" என்று சொல்வது சில இடங்களில் பொய்ச்சாட்சி மாதிரிதான் கேட்கும் போலிருக்கிறது. ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

2021 தை மாதம் கரும்பு வெட்டப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். அங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது வெள்ளை அணுக்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். சாதாரணமாக நாலாயிரத்திலிருந்து பதினோராயிரம் வரை இருக்க வேண்டியது. விலாவுக்குக் கீழே கல் மாதிரி கனத்தது மண்ணீரல். தொப்புள் வரைக்கும் வீங்கியிருந்தது. சென்னைக்கு அனுப்பினார்கள்.

சென்னையில் அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜையில் ஊசி போட்டு எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஒரு வாரம் கழித்து ஒரு தாள் தந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்ததை நான் சத்தமாகப் படித்தேன். பரிசோதனையின் பெயர் பி.சி.ஆர். மாமா சட்டென்று நிமிர்ந்தார்.

"பி.சி.ஆரா? யார் மேலடா போட்டிருக்காங்க?"

நம் மக்களுக்கு மட்டும்தான் இந்த நகைச்சுவை புரியும். 1955-ம் ஆண்டுக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பிறகு 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், எதில் வழக்குப் பதிவானாலும் கிராமத்தில் அதற்குப் பெயர் பி.சி.ஆர். கேஸ்தான். மாமா வாழ்நாளில் ஒரே ஒரு பி.சி.ஆர். கேஸில் சாட்சியாகப் போயிருக்கிறார். டீக்கடையில் தனி கிளாஸ் வைத்த வழக்கு. அது நிற்கவில்லை. இந்தப் பி.சி.ஆர். வேறு, ரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட மரபணு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற முறை. தேடப்பட்ட மரபணுவின் பெயரும் காதுக்கு ஏறக்குறைய அப்படியே கேட்கும்: பிசிஆர்-ஏபிஎல். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு. மாமாவிடம் அதையெல்லாம் விளக்காமல், "யார் மேலயும் இல்ல மாமா, உன் ரத்தத்து மேல" என்றேன்.

நோயின் பெயர் நாட்பட்ட மைலாய்டு லுக்கேமியா. ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை. அந்த நாட்களில் இரவெல்லாம் படித்தேன். சட்டப் பிரிவுகளைப் படித்துப் பழகிய கண்ணுக்கு உயிரியல் முதலில் ஏறவில்லை. எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன், மருத்துவம் படித்த தோழர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் செல்கள் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள். 9-ம் எண்ணிலிருந்து ஒரு துண்டும் 22-ம் எண்ணிலிருந்து ஒரு துண்டும் உடைந்து, ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஒட்டிக்கொள்கிறது. மாமாவின் எலும்பு மஜ்ஜையில், ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரே ஒரு செல்லில் இது நடந்திருக்கிறது. அந்தக் குட்டையான 22-ம் குரோமோசோமை 1960-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் பார்த்தார்கள். அதனால் அதற்கு பிலடெல்பியா குரோமோசோம் என்று பெயர். குட்டையாவதற்குக் காரணம் இந்த இடமாற்றம்தான் என்று கண்டுபிடித்தவர் ஜேனட் ரௌலி என்ற பெண்மணி, 1973-ல். குரோமோசோம் படங்களைக் கத்தரித்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்ப்பாராம்.

அத்தையின் முதல் கேள்வி, "பரம்பரை நோயா?" அவர்களுக்குப் பெண் பிள்ளை இருக்கிறாள். இல்லை. அப்பன் பாட்டனிடமிருந்து வருவதில்லை, பிள்ளைக்கும் போவதில்லை, தொட்டாலும் ஒட்டாது. அணுகுண்டு விழுந்த ஜப்பானிய நகரங்களில் பிழைத்தவர்களுக்கு இந்த நோய் அதிகம் வந்தது. கதிர்வீச்சு ஒரு காரணம் என்று அதிலிருந்து தெரிந்தது. மற்றபடி பெரும்பாலோருக்கு ஏன் வந்தது என்று சொல்ல ஒரு காரணமும் கிடைப்பதில்லை. கோயில் ஊரில் காரணமில்லாத நோய்க்கு இடமில்லை. போன ஜென்மம், செய்வினை, சாபம் என்று வாசலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நம் ஜனங்கள் பிறந்ததே போன ஜென்மத்துப் பாவத்தால்தான் என்று எழுதிவைத்த கணக்கில் இன்னொரு வரி சேர்ந்தது, அவ்வளவுதான்.

சரி, ஒட்டிக்கொண்ட துண்டு என்ன செய்கிறது? 9-ம் குரோமோசோமில் இருந்து வருவது ஏபிஎல் என்ற மரபணு. அது செய்யும் புரதம் ஒரு கைனேஸ். ஏ.டி.பி. என்கிற சக்தி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து அடுத்த புரதத்தின் மேல் ஒட்டுவதுதான் அதன் வேலை. ஒட்டியதும் அந்தப் புரதம் விழித்துக்கொள்ளும், அது இன்னொன்றை எழுப்பும். செல்லுக்குள் செய்தி இப்படித்தான் போகிறது. வேலை இல்லாத நேரத்தில் ஏபிஎல் தன்னைத் தானே மடக்கிப் பூட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். அந்தப் பூட்டு அதன் தலைப்பகுதியில் இருக்கிறது. 22-ம் குரோமோசோமின் பிசிஆர் துண்டு வந்து ஒட்டும்போது தலைப்பகுதி போய்விடுகிறது, பூட்டும் அதோடு போய்விடுகிறது. அதுமட்டுமில்லை, பிசிஆர் துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் குணமுள்ளவை. பின்னிக்கொண்ட இரண்டும் ஒன்றை ஒன்று எழுப்பிவிட்டுக்கொண்டே இருக்கும்.

மாமாவுக்கு இதை மோட்டார் கொட்டகையை வைத்துச் சொன்னேன். கிணற்று மோட்டார் ஸ்விட்ச் உருகி ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? கையை எடுத்தாலும் நிற்காது. கிணறு காயும், வாய்க்கால் உடையும், தண்ணீர் அடுத்தவன் கொல்லைக்குப் போகும். அந்தத் தண்ணீர் போகிற வாய்க்கால்களுக்கும் பெயர் இருக்கிறது. ராஸ் என்ற வழி 'பெருகு, பெருகு' என்கிறது. ஜாக்-ஸ்டாட் என்ற வழியும் பிஐ3கே-ஏகேடி என்ற வழியும் 'சாகாதே' என்கின்றன. வயதான செல் தானே செத்துப்போகும் ஏற்பாடு ஒன்று நம் உடம்பில் இருக்கிறது, அது கேட்காமல் போகிறது. எலும்புக்குள் தங்கி முதிர வேண்டிய செல்களும் பிடிப்பு விட்டு, அரைகுறையாக ரத்தத்தில் இறங்குகின்றன. மண்ணீரலில் அடைகின்றன. கல் வைத்த மாதிரி கனம்.

"அப்போ மாத்திரை இன்னா பண்ணும்? பீஸ புடுங்கிடுமா?" என்று கேட்டார் மாமா.

கிட்டத்தட்ட அதேதான். இமாட்டினிப் என்கிற மருந்து, கைனேஸில் ஏ.டி.பி. வந்து உட்காரும் குழியில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிரையன் ட்ரூக்கர் என்ற மருத்துவரும் ஒரு சுவிஸ் கம்பெனியின் வேதியியலாளர்களும் சேர்ந்து செய்தது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவரை இந்த நோய் வந்தால் சில ஆண்டுகள்தான். இந்த மாத்திரையை முதலில் பரிசோதித்த பெரிய ஆய்வில், பத்தாண்டு கழித்தும் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள். தினம் ஒரு மாத்திரை, சாப்பாட்டோடு, ஒரு சொம்புத் தண்ணீரோடு. முடி கொட்டாது, வார்டில் படுக்க வேண்டாம். மாமாவின் மண்ணீரல் மூன்று மாதத்தில் உள்ளே போய்விட்டது. ஆறாவது மாதம் மறுபடி இட்லி எட்டு சாப்பிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வெளுக்க ஆரம்பித்தார்.

முதலில் முகம். பிறகு முழங்கை, கழுத்து. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு என் மாமாவுக்கு. பாட்டி அவரைக் "கரிக்கட்ட" என்றுதான் கூப்பிடும். அந்த மனிதர் மாநிறமாகி, அதற்கும் மேலே போனார். டாக்டரிடம் கேட்டோம். இது இந்த மருந்தில் நடப்பதுதான், கறுத்த உடம்பில் அதிகம் தெரியும் என்றார். காரணம் அழகானது. ஏபிஎல் போலவே குழியுள்ள இன்னொரு கைனேஸ் கிட் என்பது. தோலுக்கு நிறம் தருகிற செல்கள் உயிரோடு இருக்கவும் மெலனின் செய்யவும் கிட் வழியாக வரும் செய்தி வேண்டும். இமாட்டினிப் அந்தக் குழியிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை தோலின் பீஸையும் பிடுங்கிவிடுகிறது.

ஆயிரம் ஆண்டுகளாக மனிதனை எடைபோட வைத்திருக்கும் நிறம், தினம் ஒரு மாத்திரையில் ஆறு மாதத்தில் மாறிவிடும் சங்கதி. தேரடித் தெருவில் ஒரு கடைக்காரர் மாமாவை "வாங்க சார்" என்றாராம். அதே கடையில் இருபது வருடமாகச் சாமான் வாங்குகிறவர் அவர். அன்று வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். காலனிப் பெண்கள் என்ன கிரீம் என்று அத்தையிடம் கேட்டார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எவ்வளவு முட்டாள்தனம் என்று பிறகு தெரிந்தது.

மாத்திரை இலவசமாகக் கிடைத்தது என்றேன். அது எப்படி இலவசமானது என்பதைச் சொல்லாமல் போனால் நன்றிகெட்டவனாவேன். இந்த மருந்துக்கான வழக்கு ஆரம்பித்தது நம் சென்னையில்தான். நோவார்ட்டிஸ் கம்பெனி, இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு 1998-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2003-ல் அவர்களுக்குத் தனி விற்பனை உரிமை கிடைத்தது. அதைக் கொண்டு சில இந்தியக் கம்பெனிகளின் மாத்திரைகளை நீதிமன்றத் தடையால் நிறுத்தினார்கள். அப்போது கம்பெனி மாத்திரை மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை எட்டிலிருந்து பத்தாயிரம். 2005-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது இடதுசாரிக் கட்சிகள் பிடித்த பிடியில் 3(டி) என்ற பிரிவு இன்றைய வடிவில் வந்தது: தெரிந்த ஒரு பொருளுக்குப் புது உருவம் கொடுத்தால் மட்டும் காப்புரிமை கிடையாது, மருந்தின் பலன் கூடியிருக்க வேண்டும். புற்றுநோயாளிகளுக்கான உதவிச் சங்கம் ஒன்றும் இந்தியக் கம்பெனிகளும் எதிர்த்து நின்றன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளியது. அந்தப் பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று கம்பெனி போட்ட வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கடைசியாக முடித்து வைத்தது.

சட்டத்தில் ஒரு உட்பிரிவு. அதை வைத்து மாமா உயிரோடு இருக்கிறார். சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று நம் கூட்டங்களில் விரக்தியோடு பேசும் இளைஞர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கம்பெனி தரப்பில் ஒரு வாதம் இருந்தது. ஏழை நோயாளிகளுக்கு நாங்களே இலவசமாகத் தருகிறோமே, பிறகு ஏன் விலையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கானோருக்குத் தந்தார்கள், அது உண்மை. ஆனால் திருவண்ணாமலைக்காரனுக்குத் தானத்தைப் பற்றித் தெரியும். பௌர்ணமி தோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் அன்னதானம் நடக்கும். புளியோதரை, சர்க்கரைப் பொங்கல், மோர். கொடுக்கிறவர் மைக்கில் தன் பெயரைச் சொல்வார். விடிந்ததும் அந்தப் பாக்குமட்டைத் தட்டுகளைப் பொறுக்கிய கைகளில் மாமாவின் கையும் ஒன்று. ஒப்பந்தத் தொழிலாளி. இரண்டு மாதக் கூலி பாக்கி. அவருக்கு யாரும் சோறு மறுக்கவில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். கூலியைத்தான் கேட்கக் கூடாது. கொடுக்கிறவன் மனம் மாறினால் நின்றுபோகும் மாத்திரையும், சட்டப்படி யாரும் தயாரிக்கலாம் என்றிருக்கும் மாத்திரையும் ஒன்றில்லை என்று அவருக்குச் சொன்னபோது, "இதுக்கா இவ்ளோ நேரம்? எனக்குத் தெரியாதா?" என்றார்.

ஆனால் மாத்திரை இலவசம் என்பதால் எல்லாம் இலவசமாகிவிடவில்லை. மாதம் ஒருமுறை சென்னைக்குப் போய் வாங்க வேண்டும். செஞ்சி, திண்டிவனம் வழியாக நாலு ஐந்து மணி நேர பஸ். காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்க முந்தைய இரவே கிளம்ப வேண்டும். இரண்டு நாள் கூலி போகும், கூட வருகிறவர் கூலியும் போகும். வைத்தியத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. மேற்கத்திய நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் அறுபதை ஒட்டி வருகிறது. இந்தியாவில் முப்பது நாற்பதுகளிலேயே வந்துவிடுகிறது என்று நம் மருத்துவமனைகளின் கணக்குகள் காட்டுகின்றன. அங்கே ஓய்வூதியம் வாங்குகிறவரின் நோய். இங்கே குடும்பத்தைத் தூக்கி நிறுத்துகிறவரின் நோய். மாமாவுக்கு அப்போது 41.

2022 பொங்கல் முடிந்ததும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போனார். நம் மாவட்டத்திலிருந்து வருடா வருடம் போகிற ஜனம் எவ்வளவு என்று தெரிந்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பணம் கழியும் வரை நகர முடியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்பதையும் விளக்க வேண்டியதில்லை. மாதம் ஒரு நாள் சென்னைக்கு விடுவதாக முதலில் ஒத்துக்கொண்டார்கள். இரண்டாம் மாதம் "உனக்கு மட்டும் மாசா மாசம் லீவா" என்றார்கள். நான் போய் வாங்கிக் கொடுத்தேன். எனவே மாத்திரை அவரிடம் இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனி மாதம் திரும்பி வந்தார். கறுப்பாக. பழைய கரிக்கட்டையாக. "வெயில்ல கறுத்துட்டான்" என்று பாட்டி சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நல்லா இருக்கியே மாமா என்றுகூடச் சொன்னேன். மருந்தை நிறுத்தினால் நிறம் திரும்ப வரும் என்று ஒரு வருடம் முன்பு நானே படித்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். கண்முன் நின்றது மூளைக்கு எட்டவில்லை.

அத்தைதான் கண்டுபிடித்தது. அரிசிப் பானைக்குள் துணிப்பையில் மூன்று மாத மாத்திரை அப்படியே இருந்தது.

சண்டை போட்டேன். எவ்வளவு பேர் போராடி வாங்கின மாத்திரை தெரியுமா என்று பிரசங்கம் செய்தேன். மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன இடத்தில் சொன்னார்.

சூளையில் அவருக்கு நிறம் சமமாகப் போகவில்லை. உதட்டோரத்திலும் விரல்களிலும் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. வெண்குஷ்டம் என்று பேச்சு கிளம்பியது. அவர் மிதித்த சேற்றில் கை வைக்க மாட்டோம் என்று இரண்டு குடும்பங்கள் சொல்லின. தண்ணீர்க் குடத்தில் அவர் மொண்டால் அந்தக் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வேறு பிடித்தார்கள். அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் டம்ளரை ஆணியில் மாட்டி வைத்தார்கள்.

"ஊர்க்காரன் வெச்சிருந்தா பி.சி.ஆர். போட்டிருப்பேன். நம்ம ஜனமே வெச்சா எங்கடா போய்ப் போடறது?"

தனி டம்ளர் வழக்கில் சாட்சி சொன்ன மனிதர். சூளையில் இருந்த அத்தனை பேரும் நம் ஆட்கள். அதில் இரண்டு பேர் என் கூட்டத்துக்கு வந்து கை தட்டியவர்கள். வெண்குஷ்டம் என்று நாம் சொல்கிற வெண்திட்டு நோயும் தொற்றுவதில்லை. அதற்கும் குஷ்டத்துக்கும் சம்பந்தமில்லை. குஷ்டமே இன்று மாத்திரையில் குணமாகிறது. இதையெல்லாம் என்றைக்காவது ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேனா? இல்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே குடிக்க முடியவில்லை, மாத்திரையை நிறுத்தினால் கறுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும், நிறுத்தினார். கறுத்தார். டம்ளரை ஆணியிலிருந்து எடுத்தார்கள். தன் கறுப்பைத் திரும்ப வாங்க ஒரு மனிதன் உயிரைப் பணயம் வைத்திருக்கிறான். நிறத்தைப் பற்றி நாம் எழுதிய கட்டுரைகளில் எதிலும் இப்படி ஒன்று வந்ததில்லை.

இந்த மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2010-ல் லண்டனிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு நாளுக்கு மேல் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் மரபணு ஆழமாக அடங்கியது. அதற்குக் குறைந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக்கூட அப்படி அடங்கவில்லை. மாதத்தில் மூன்று மாத்திரை தவறினாலே பத்தில் ஒன்று போய்விட்டது என்று கணக்கு. மாமா மூன்று மாதம் நிறுத்தியிருக்கிறார். ஆவணியில் அணுக்கள் ஏறின. பழைய மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தும் இறங்கவில்லை. கைனேஸின் அந்தக் குழியில் ஓர் எழுத்து மாறினால்கூட மருந்தால் உட்கார முடியாது. 315-ம் இடத்தில் திரியோனின் போய் ஐசோலூசின் வருகிற மாற்றம்தான் மிகவும் கெட்டது; முதலில் வந்த மருந்துகள் பலவும் அதனிடம் தோற்கும். மாமாவுக்கு எது என்று பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் மஜ்ஜை மாற்று சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டும், கூடப்பிறந்தவர்கள் யார் யார் என்று கேட்டார்கள்.

என் அம்மா உடனே கையை நீட்டியது. கூடப்பிறந்தவருக்குப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். இல்லையென்றால் பதிவேட்டில் வேறு ஆளைத் தேட வேண்டும். 2009-ல் சென்னையில் தொடங்கிய தாத்ரி பதிவேடு அதற்காகத்தான். அங்கேதான் ஒரு விஷயம் என்னை உட்கார வைத்தது. திசுப் பொருத்தம் என்பது ஒரே வம்சாவளிக்காரர்களிடம் கிடைக்கத்தான் அதிக வாய்ப்பு. நம் நாட்டில் வம்சாவளி என்றால் என்ன? அகமணமுறைதான் சாதியின் சாரம் என்று பாபாசாகேப் 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் சொன்னார். அப்போது அவருக்கு 25 வயது. 2013-ல் ஐதராபாத், ஹார்வர்டு ஆய்வாளர்கள் சேர்ந்து மரபணுவில் படித்ததும் ஏறக்குறைய அதே செய்திதான்: சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த மண்ணின் ஜனங்கள் நன்றாகக் கலந்திருக்கிறார்கள், பிறகு கலப்பதை நிறுத்தியிருக்கிறார்கள். யாரோ போட்ட வேலி, மஜ்ஜை வரைக்கும் இறங்கியிருக்கிறது. பதிவேட்டில் நம் காலனிகளிலிருந்து எத்தனை பேர் பதிந்திருப்பார்கள்? நான் பதிந்திருக்கவில்லை. இப்போது பதிந்துவிட்டேன். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள், அவ்வளவுதான்.

அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையனுக்கு ரத்தம் ஏற்றினார்கள். அவன் தாத்தா பையைப் பார்த்து, "இது யாரோடதுன்னு எழுதியிருக்குமா?" என்று நர்ஸிடம் கேட்டார். குரூப்தான் எழுதியிருக்கும் தாத்தா என்றார் அந்தப் பெண். அவர் மேலும் ஏதோ கேட்க வாயெடுத்தார். பையனைப் பார்த்தார். விட்டுவிட்டார்.

மாமாவின் குழியில் மாறியிருந்தது 315 இல்லை. டாசாட்டினிப் என்ற இரண்டாவது மருந்து கேட்கும் என்றார்கள். அதையும் இன்று இந்தியாவில் பல கம்பெனிகள் செய்கின்றன. புது மருந்தில் நோய் அடங்குகிறதா என்று பார்க்கிற நாள் 2023 ஜனவரி 30 என்று விழுந்தது. தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போலீஸ் பாதுகாப்போடு முதன்முதலாக நுழைந்த நாள் அது. பல பத்தாண்டுக் காத்திருப்பு. தோழர்கள் எல்லோரும் அங்கே. நான் சென்னையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். பொங்கல் பானையோடு பெண்கள் உள்ளே போனார்கள். மாமா எட்டிப் பார்த்தார். "உள்ள வுட்டுட்டாங்களா?" என்றார். விட்டுவிட்டார்கள் என்றேன். "நாளைக்குக் கடையில சாமான் குடுக்கறாங்களான்னு கேளு" என்றார்.

முடிவு நல்லபடியாக வந்தது. இப்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். இந்த மருந்தும் கிட் குழியில் கை வைக்கக் கூடியதுதான். நெற்றியில் கொஞ்சம் வெளுப்பு மறுபடி தெரிகிறது. அது தெரிகிற வரை எனக்கு நிம்மதி. பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன் என்று அவருக்கும் தெரியும். "இன்னாடா, கலர் செக் பண்றியா?" என்பார்.

போன மாசி மாதம் அந்தச் சூளைக்கு நானும் அத்தையும் போனோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது பேர் உட்கார்ந்தார்கள். மோட்டார் கதையைத்தான் சொன்னேன். குழி, பீஸ், தோல், எல்லாம். டம்ளரை மாட்டிய குடும்பத்துப் பெண் கடைசி வரை தலை நிமிரவில்லை. வேறொரு பாட்டி கேட்டது, "அப்போ எங்களுக்கு இந்த மாத்திர குடுத்தா நாங்களும் வெளுப்பமா?" எல்லோரும் சிரித்தார்கள். வெளுப்பாய் பாட்டி, கூடவே கண் வீங்கும், கெண்டைக்கால் இழுக்கும், வேண்டுமா என்றது அத்தை.

மாமாவின் முன்பணத்தில் இன்னும் பதினான்காயிரம் பாக்கி என்று கணக்கு நோட்டில் இருக்கிறது. மூன்று மாதம் வேலை செய்த கூலியை அதில் கழிக்கவில்லை. அதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த பரிசோதனை ஆடி மாதம் 12.